வினாகிரியின் புளிப்பை அளப்பது எப்படி?

மட்டக்களப்பின் கரையோரத் தோப்புகளில் இறக்கப்படும் தென்னங்கள்ளைச் சில வாரங்கள் காற்றுப்பட விட்டால் அது வினாகிரியாகிவிடும். மதுவம் வெல்லத்தை அற்ககோலாக்க, பற்றீரியாக்கள் அந்த அற்ககோலை அசற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏறியிருப்பதை நாக்கு அறியும். எவ்வளவு அமிலம் உள்ளது என்பதை நியமிப்பே சொல்லும்; செறிவு தெரிந்த கரைசல் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து மற்றதன் அளவைக் கணிக்கும் முறை அது.

வினாகிரியில் 10 மில்லிலீற்றரைக் கனமானக் குடுவையில் இட்டு, நீர் சேர்த்து 100 மில்லிலீற்றராக ஐதாக்குகிறோம். அதில் 25 மில்லிலீற்றரைக் குழாயியால் நியமிப்புக் குடுவைக்கு மாற்றி, காரத்தில் இளஞ்சிவப்பாகும் காட்டியான பினோத்தலீனில் இரண்டு துளி சேர்த்து, அளவி எனும் அளவுகோடிட்ட குழாயிலிருந்து லீற்றருக்கு 0.100 மூல் (துணிக்கைகளை எண்ணும் இரசாயன அலகு) செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டு என்னும் காரத்தை விடுகிறோம். விழுந்த இடத்தில் தோன்றும் இளஞ்சிவப்பு, குடுவையைச் சுழற்றியதும் மறைந்துவிடும். முடிவு நெருங்க நெருங்க மறையத் தாமதிக்கும். கடைசியில் ஒரேயொரு துளியால் வந்த மெல்லிய நிறம் அரை நிமிடம் நிலைத்து நிற்கும்.

அப்போது செலவான காரம் 17.50 மில்லிலீற்றர் என்று கொள்வோம். 0.0175 லீற்றரை 0.100 ஆல் பெருக்கினால் 0.00175 மூல். ஒரு மூல் அசற்றிக்கமிலம் ஒரு மூல் காரத்துடனேயே தாக்கமுறுவதால் குடுவையிலிருந்த அமிலமும் அதே 0.00175 மூல்தான். அதனை 0.025 லீற்றரால் வகுக்க 0.070, பத்து மடங்கு ஐதாக்கியதால் மூல வினாகிரியின் செறிவு லீற்றருக்கு 0.70 மூல். ஒரு மூல் அசற்றிக்கமிலத்தின் திணிவு 60 கிராம் ஆகையால் லீற்றருக்கு 42 கிராம், அதாவது 100 மில்லிலீற்றரில் 4.2 கிராம்.

மாணவர் பலர் தடுமாறுவது கழுவும் இடத்தில்தான். நியமிப்புக் குடுவையில் நீர் எஞ்சியிருந்தாலும் அமிலத்தின் மூல் எண்ணிக்கை மாறாது. அளவியில் எஞ்சிய நீரோ காரத்தை ஐதாக்கி வாசிப்பை உயர்த்திவிடும். ஆகவே அளவியை இறுதியாகக் காரக் கரைசலாலேயே அலச வேண்டும்.

அந்தக் காரத்தின் செறிவையும் நிறுத்துப் பார்த்து மட்டும் நம்ப முடியாது. நம் வாவிக்கரை ஈரக்காற்றில் சிறிது நேரம் திறந்திருந்தாலே சோடியம் ஐதரொட்சைட்டு வில்லைகள் நனைந்து பளபளக்கும், காபனீரொட்சைட்டையும் உறிஞ்சும். எனவே, ஈரத்தை எளிதில் ஈர்க்காத பொற்றாசியம் ஐதரசன் தலேற்றை நிறுத்துக் கரைத்து, அதற்கெதிராகக் காரத்தை முதலில் நியமிக்க வேண்டும்.

காட்டியின் தெரிவும் இதற்குச் சளைத்ததன்று. இந்த நியமிப்பின் சமவலுப்புள்ளி, அதாவது அமிலம் முழுவதும் காரத்துடன் தாக்கமுற்று முடியும் நிலை, பிஎச் 8.7 அளவில் அமைவதால் பினோத்தலீன் பொருந்துகிறது. மெதைல் செம்மஞ்சள் என்ற மற்றொரு காட்டியோ பிஎச் 4.4 இலேயே முழுமையாக மஞ்சளாகிவிடும். அங்கே அமிலத்தில் பத்தில் மூன்று பங்கே நடுநிலையாகியிருக்கும், 4.2 கிராம் அமிலம் சுமார் 1.3 கிராம் என்றே கணக்கில் வரும்.