எழுநடத்தை

பெங்களூரு வைட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் நெட்வொர்க் பாதுகாப்பு வேலை பார்க்கும் நம் ஆட்கள், பல பகுதிகள் சேரும்போது தனியாக எதிலும் இல்லாத ஒரு விளைவு எழுவதை ‘எமர்ஜென்ட் பிஹேவியர்’ என்றுதான் சொல்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் காதில் அது எமர்ஜென்சி என்று விழுவதும் உண்டு. அதில் தப்பில்லை, இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘மெர்கெரே’ என்றால் மூழ்கடிப்பது. முன்னால் ‘எ’ சேர்ந்தால் மூழ்கியது மேலே எழுவது. பகுதிகளின் கூட்டுக்கணக்கில் அடங்காத விளைவுக்கு இந்தச் சொல்லை 1875-இல் வைத்தவர் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ்.

பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பில் நெரிசலை உண்டாக்கவென்று யாரும் வண்டி எடுப்பதில்லை. ஆளாளுக்கு முன்வண்டியைப் பார்த்து பிரேக் போடுகிறார்கள், அவ்வளவுதான்; நெரிசல் தானே எழுகிறது.

கணினி வலையில் இதற்குச் சரியான உதாரணம் 1988 நவம்பர் 2 அன்று பரவிய மோரிஸ் வார்ம். வார்ம் என்பது தன்னைத்தானே பிரதியெடுத்து, வலை வழியே கணினிக்குக் கணினி பரவும் நிரல். ஒரு கணினிக்குள் நுழைந்ததும் ‘இங்கே ஏற்கெனவே நம் பிரதி ஓடுகிறதா?’ என்று அது பார்க்கும். ஓடினால் விலக வேண்டும். ஆனால் நிர்வாகிகள் பொய்யாக ‘ஓடுகிறது’ என்று பதில் வரும்படி செய்து தடுத்துவிடுவார்களோ என்று, ஏழில் ஒரு தடவை எப்படியும் தங்கிவிடும்படி எழுதியிருந்தார் ராபர்ட் மோரிஸ். ஏழில் ஒன்றுதானே? ஆனால் வலை முழுக்கப் பிரதிகள் மாறி மாறி வந்துகொண்டே இருந்ததால் ஒரே கணினியில் பல பிரதிகள் குவிந்தன. கோப்பு எதையும் அழிக்காத நிரல், கணினிகளை நகரவிடாமல் செய்துவிட்டது. பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

தற்காப்பு விதிகளும் இப்படிக் கவிழ்க்கும். தவறான கடவுச்சொல்லைச் சில முறை போட்டால் கணக்கைப் பூட்டுவது நல்ல விதிதான். எல்லார் பெயரிலும் ஒருவன் வேண்டுமென்றே தவறாகப் போட்டால், அலுவலகமே வெளியே நிற்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘எழுச்சி’ என்றால் மக்கள் போராட்டம் நினைவுக்கு வரும். ‘தன்னிச்சை நடத்தை’ என்றால் கணினிக்குச் சொந்தப் புத்தி வந்துவிட்டது போலிருக்கும். ‘கூட்டு நடத்தை’யில் திட்டமிட்டுச் சேர்ந்த தொனி இருக்கிறது. எனக்குப் பிடித்தது ‘எழுநடத்தை’. எழுஞாயிறு போல வினைத்தொகை. லத்தீன் வேரில் உள்ள மேலெழும் பொருளும் இதில் கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எதிர்பாராத எல்லாமே எழுநடத்தை ஆகாது. ஒரே சர்வரில், ஒரே வரியில் இருக்கும் கோளாறுக்குப் பெயர் பிழை. அதைத் தனியாகச் சோதித்தே பிடித்துவிடலாம்.