நர்சிங் ஹோம் ஆய்வும் மருத்துவ இயக்குநரின் கையெழுத்தும்

அமெரிக்க நர்சிங் ஹோம்களுக்கு அரசு ஆய்வுக் குழு சொல்லாமல்தான் வரும். வரும் நாளைக் கசியவிட்டால் அபராதம் என்று சட்டமே இருக்கிறது. ஆனாலும் ஓர் ஆய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே 15 மாதங்களுக்கு மேல் ஆகக் கூடாது என்பது விதி. ஆகவே பதினோராவது மாதத்திலேயே கட்டடத்தில் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். தரை மினுங்கும். அறிவிப்புப் பலகைகள் புதிதாகும். மருத்துவ இயக்குநரின் மேசைக்கு ஒரு கட்டுக் காகிதம் வரும், கையெழுத்துக்காக.

(தமிழில் நர்சிங் ஹோம் என்றால் சிறு மருத்துவமனை என்றே நினைப்போம். இங்கே நான் சொல்வது முதியவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கும் பராமரிப்பு இல்லம்.)

மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு), மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தோருக்கான அரசு உதவி) பணம் பெறும் ஒவ்வோர் இல்லமும் ஒரு மருத்துவரை இயக்குநராக நியமிக்க வேண்டும். பராமரிப்புக் கொள்கைகளைச் செயல்படுத்துவதும், மருத்துவச் சிகிச்சையை ஒருங்கிணைப்பதும் அவர் பொறுப்பு. அதில் குறை கண்டால் பதிவுசெய்ய எஃப் 841 என்று தனி எண்ணே உண்டு. என்னைப் போன்ற பலர் பகுதிநேர இயக்குநர்கள். என் முதல் ஆண்டில் நானும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து, கையெழுத்திட்டு, கிளம்பிவிடுவேன்.

அந்த ஆண்டு ஆய்வில் ஓர் அம்மாளின் கோப்பு மாட்டியது. மறதிநோய் உள்ளவர். இரவில் அலறினால் ‘தேவைப்பட்டால்’ கொடுக்க லோராசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்து எழுதப்பட்டிருந்தது. இப்படி எழுதும் மனநல மருந்துக்கு 14 நாள்தான் கெடு. நீட்டித்தால் மருத்துவர் காரணத்தையும் கால அளவையும் குறிக்க வேண்டும். இந்த உத்தரவோ இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. மாதந்தோறும் மருந்துகளைச் சரிபார்க்கும் மருந்தாளுநர் இரண்டு மாதமும் அறிக்கையில் சுட்டிக்காட்டியிருந்தார். சிகிச்சை மருத்துவர் ‘ஏற்கவில்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார். காரணம் எழுதும் இடம் வெறுமை.

ஆய்வாளர் என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார்: “இந்த அறிக்கையின் நகல் உங்களுக்கும் வந்திருக்குமே?”

வந்திருந்தது. மருந்தாளுநரின் ஆட்சேபம் சிகிச்சை மருத்துவர், நர்சிங் தலைவர், மருத்துவ இயக்குநர் மூவருக்கும் போக வேண்டும் என்பதே விதி. நான் உறையைப் பிரிக்கவில்லை.

பிறகு இரவுப் பணி உதவியாளரிடம் பேசினேன். “இடப்பக்கம் திருப்பினால்தான் கத்துகிறார்” என்றார். இடுப்பு மூட்டு வலி. வேளாவேளைக்குப் பாரசிட்டமால் கொடுத்ததும் லோராசெபாம் தேவைப்படவில்லை.

இப்போது மாதம் ஒரு பிற்பகலை மருந்தாளுநர் அறிக்கைகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். பதில் வராதவை, காரணம் இல்லாதவை எல்லாவற்றையும் பிரித்தெடுத்து அந்தந்த மருத்துவருக்கு நானே போன் செய்கிறேன். “டாக்டர், காரணம் எழுதவில்லையே” என்று ஒரு நர்ஸ் மூன்றாவது முறை கேட்கத் தயங்குவார். நான் தயங்க வேண்டியதில்லை. ஆய்வுக்கான தயாரிப்பில் மருத்துவ இயக்குநரால் மட்டுமே முடிகிற வேலை இதுதான் என்பேன். தரையை மெழுக வேறு ஆள் இருக்கிறது.

இன்னொரு வேலை, மருந்து வண்டியின் பின்னால் நடப்பது. ஆய்வாளர்கள் குறைந்தது 25 மருந்து கொடுப்புகளை நேரில் பார்ப்பார்கள். பிழை 5 சதவீதத்தைத் தொட்டாலே குறை. 25-இல் இரண்டு தவறினால் 8 சதவீதம்! ஒருமுறை, மெல்லக் கரையும் பொட்டாசியம் மாத்திரையை ஒரு நர்ஸ் பொடிக்கப் போனார். பொடிக்கக் கூடாது என்று அவருக்கே தெரியும். விழுங்கச் சிரமப்படும் நோயாளி. திரவ மருந்தாக மாற்றித் தரும்படி இரண்டு முறை மருத்துவர் அலுவலகத்துக்குச் சொல்லியும் பதில் இல்லை. ஆய்வாளர் பார்த்திருந்தால் பிழை அந்த நர்ஸின் கணக்கில் ஏறியிருக்கும். அன்றே மருந்தை மாற்றினோம். பொடித்துக் கொடுக்கப்படும் எல்லா மாத்திரைகளையும் பட்டியல் எடுத்துப் பார்த்தோம்.

மருத்துவர் வருகையும் கணக்கில் வரும்: முதல் 90 நாளில் 30 நாளுக்கொரு முறை, பிறகு 60 நாளுக்கொரு முறை. இதைக் கணினியே நினைவூட்டிவிடும். ஆனால் படுக்கைப் புண்ணைக் கோப்பில் பார்த்தால் போதாது. காலுறையைக் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள்.

ஆய்வு நடக்கும் வாரத்தில் “டாக்டர், நீங்கள் வராமல் இருப்பதே நல்லது” என்று சொல்லும் நிர்வாகிகள் உண்டு. நான் அந்த வாரம் கட்டாயம் இல்லத்துக்குப் போவேன். ஒருவரின் எடை குறைந்ததற்கு நோயின் போக்கே காரணம் என்றால், அதை விளக்க வேண்டியவர் மருத்துவர்தான். ஆனால் அது அப்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய தேதியிட்டு ஒரு வரி சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால் பேனாவை மூடிவிடுங்கள். குறையைத் திருத்தத் திட்டம் கொடுக்கப் பத்து நாள் தருவார்கள். பொய்ப் பதிவுக்கு அப்படித் தவணை கிடையாது.

பெற்றோரை இப்படியோர் இல்லத்தில் சேர்த்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: கடைசி ஆய்வின் அறிக்கையை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் நுழைவாயிலருகே ஒரு கோப்பில் இருக்கும். அதைப் பிரித்துப் படிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.