கேரவனுக்கு எதற்கு வண்டி?

போன வாரம் மறுபடியும் காதில் விழுந்தது. சஹாரா பற்றிய ஓர் ஆவணப்படம், தமிழ்க் குரலில். திரையில் உப்புப் பாளம் சுமந்த ஒட்டகங்கள் மணல்மேட்டில் ஏறுகின்றன. குரலோ "வணிகர்களின் ஊர்தித்தொடர் பாலைவனத்தைக் கடக்கிறது" என்கிறது. 'கேரவன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இப்படியொரு மொழிபெயர்ப்பு. எங்கே ஐயா ஊர்தி? ஒரு சக்கரமாவது கண்ணில் படுகிறதா?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரசீகத்தில் கார்வான். ஒன்றுகூடிப் பயணம் போகிற வணிகரும் யாத்திரிகரும் சுமைவிலங்குகளும் சேர்ந்த கூட்டத்துக்குப் பெயர் அது. ஐரோப்பிய மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் கேரவன் ஆனது. அங்கே மூடுவண்டிக்கும் அதே பெயரை வைத்தார்கள். பிறகு தலையை வெட்டி 'வேன்' ஆக்கினார்கள். ஆக, பள்ளிக்கூட வேனும் படப்பிடிப்பில் நடிகர் ஓய்வெடுக்கும் கேரவனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஊர்தி என்ற எண்ணம் மொழிபெயர்ப்பாளர் தலையில் ஏறியது இப்படித்தான் இருக்க வேண்டும்.

அரபில் இதற்குக் காஃபிலா என்று பெயர். 'திரும்பி வருதல்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. புறப்படும்போதே நல்ல வாக்காக இருக்கட்டும் என்று அப்படிப் பெயர் வைத்தார்கள் என்பது அவர்கள் அகராதிக்காரர்கள் சொல்லும் விளக்கம். "போறேன்" என்று சொல்லாதே, "போயிட்டு வர்றேன்" என்று சொல் என நம் வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவார்களே, அதே கதைதான்.

சரி, ஊர்தித்தொடருக்கு வருவோம். ரோமர் காலத்தில் மாட்டு வண்டி ஓடிய மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் பிற்பாடு பல நூற்றாண்டுகள் சக்கரமே ஏறக்குறைய காணாமல் போயிற்று. ஒட்டகத்துக்குச் சாலை போட வேண்டாம், பாலம் கட்ட வேண்டாம். வண்டியைவிடச் செலவும் குறைவு. இடைக்கால வணிகத்தின் தனி அடையாளமே சக்கரத்தைக் கைவிட்டதுதான். அதற்குப் போய் 'ஊர்தி' என்று பெயர் வைப்பது, கட்டுமரத்தைக் கப்பல் என்று எழுதுவதைவிட மோசம்.

"அப்படியானால் 'ஒட்டகத்தொடர்' என்று மாற்றிவிடலாமே" என்று ஒரு நண்பர் சமாதானத்துக்கு வந்தார். 'தொடர்' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. தூரத்திலிருந்து படம் பிடிப்பவனுக்குத்தான் அது தொடர். உள்ளே இருந்தவனுக்கு எப்படி இருந்தது என்று அந்தக் காலப் பயணி இப்னு பதூதாவைக் கேட்க வேண்டும். 1352இல் மொராக்கோவின் சிஜில்மாசாவில் ஒட்டகங்கள் வாங்கி, நான்கு மாதத் தீனி சேர்த்துக்கொண்டு, ஒரு கூட்டத்தோடு தெற்கே கிளம்பினார். 25 நாளில் தகாஸா. வீடும் பள்ளிவாசலும் உப்புக் கட்டிகளால் கட்டி, ஒட்டகத் தோலால் கூரை போட்ட ஊர். அங்கே ஓர் ஒட்டகத்துக்கு இரண்டு பாளம் உப்பு ஏற்றுவார்கள். அந்தச் சுமை பாலைவனத்தின் தென்கோடி ஊரான வலாட்டாவில் 8 முதல் 10 மித்கால் (அந்தக் காலப் பொன் எடை) பொன்னுக்குப் போகும். மாலி நகரத்தில் 20, 30, சில சமயம் 40கூட.

வலாட்டாவை நெருங்கும் முன் ஓர் ஏற்பாடு செய்தார்கள். தக்‌ஷீஃப் எனப்படும் முன்தூதன் ஒருவனை எல்லோருமாகச் சேர்ந்து கூலிக்கு அமர்த்தி, கடிதங்களைக் கொடுத்து முன்னால் அனுப்பினார்கள். வலாட்டாவில் இருக்கும் நண்பர்கள் கடிதத்தைப் பார்த்து வீடு பிடித்துவைப்பார்கள், நான்கு நாள் பயணத்தொலைவு எதிரே தண்ணீரோடு வருவார்கள். அந்த ஆள் வழியில் செத்துப்போனால் கூட்டம் வருகிற சேதியே ஊருக்குத் தெரியாது. பின்னால் வருபவர்களில் பெரும்பாலோர் தாகத்தில் மடிய வேண்டியதுதான். இப்னு பதூதாவின் கூட்டம் அவனுக்குக் கொடுத்த கூலி 100 மித்கால். வலாட்டா விலையில் பத்துச் சுமை உப்பு! சரக்கு அவரவருடையது, உயிர் எல்லோருக்கும் பொது. இதைத் 'தொடர்' என்ற சொல் எங்கே காட்டுகிறது?

'வணிகக் குழு' என்று எழுதுவோரும் உண்டு. அது ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் போன்ற பழைய தென்னிந்திய வணிகர்களின் நிலையான அமைப்புகளுக்கு வரலாற்றாசிரியர்கள் புழங்கும் சொல். 1088இல் சுமத்ராவின் பாருஸில் தமிழில் கல்வெட்டு வைத்த ஐந்நூற்றுவர் அத்தகைய குழுவினர். பயணம் முடிந்ததும் கலைந்துபோகிற கூட்டத்துக்கும் அதே பெயரை வைத்தால், பிறகு இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

இவ்வளவுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது: சாத்து. பெரும்பாணாற்றுப்படையில் கழுதைச் சாத்து வருகிறது. சுமந்து சுமந்து தழும்பேறிய முதுகில், பலாப்பழம்போலப் புடைத்த மிளகுப் பொதிகளை இருபுறமும் ஒத்த எடையாகத் தாங்கி, சுங்கம் வாங்கும் பெருவழியில் நடக்கின்றன அந்தக் கழுதைகள். கழுதையை இறக்கி ஒட்டகத்தை ஏற்றினால் சஹாரா. கோவலனின் தகப்பனார் மாசாத்துவான் என்ற பெயரிலும் இதே சாத்துதான் இருக்கிறது.

எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வரும். முதலாவது, 'சாத்து வடசொல்.' ஆமாம், 'சார்த்த' என்பதிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. வந்திருக்கட்டுமே! சங்கப் பாட்டிலேயே குடியேறிவிட்ட சொல்லிடம் இன்னும் குடியுரிமைச் சான்று கேட்பது நியாயமா? அதை விரட்டிவிட்டு, கண்முன் இல்லாத வண்டியைக் கொண்டுவருகிற தூய்மையால் யாருக்கு லாபம்? இரண்டாவது, 'கதவைச் சாத்து, நாலு சாத்து சாத்து என்றெல்லாம் குழம்புமே' என்பது. இது நியாயமான கவலை. வணிகச்சாத்து என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது. மக்காவுக்குப் போகும் கூட்டமா, யாத்திரைச்சாத்து. தலைவனுக்குச் சாத்துத்தலைவன்.

அப்புறம், கேரவன்கள் வழியில் தங்கும் கேரவன்சராயை 'ஒட்டக விடுதி' என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். ஒட்டகம் உள்ளே தூங்க, வணிகர் வெளியே படுத்தார்களா? துருக்கியின் அக்சராய் அருகே 1229இல் செல்ஜுக்கிய அரசர் கட்டிய சுல்தான் ஹான் என்ற கேரவன்சராயில் ஆளுக்கும் இடம் உண்டு, விலங்குக்கும் இடம் உண்டு, நடுவே தொழுகைக்குச் சின்ன மண்டபமும் உண்டு. சத்திரம் என்று எழுதினால் போதும். அதுவும் வடசொல்தான், அதை மட்டும் ஏனோ யாரும் கோபித்துக்கொள்வதில்லை.