பாகற்காய்க்கு எத்தனை பெயர்?

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் பதினைந்து வருடமாக இனிப்புநீர், அதாவது நீரிழிவு. போன மாதம் அவருக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடித்தால் முப்பது நாளில் மாத்திரையை நிறுத்திவிடலாமாம். கீழே 'அமெரிக்க ஆராய்ச்சியில் நிரூபணம்' என்று ஒரு வரி. "நீதான் டாக்டருங்க படிக்கிறதையெல்லாம் கம்ப்யூட்டர்ல தேடுவியே, இது நெஜமான்னு பாரு கண்ணு" என்று எனக்கு அனுப்பிவிட்டார். அதற்குள் தேக்கா சந்தையில் இரண்டு கிலோ பாகற்காய் வாங்கியாகிவிட்டது.

அவர் சொன்ன கம்ப்யூட்டர், பப்மெட். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் தேடுதளம். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். 3 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. கவனியுங்கள், விவரம்தான். தலைப்பு, எழுதியவர், இதழ், ஒரு சுருக்கம். முழுக் கட்டுரை வேறு எங்கோ இருக்கும். சிலவற்றை இலவசமாகப் படிக்கலாம், சிலவற்றுக்குப் பணம் கேட்பார்கள். பழைய நூலகங்களில் இழுப்பறை இழுப்பறையாக அட்டைகள் இருக்குமே, அதன் வாரிசு இது. 1879இல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ மருத்துவர் மருத்துவக் கட்டுரைகளுக்கு அச்சில் தொடங்கிய அட்டவணைதான் கணினிக்கு மாறி, 1997இல் எல்லாருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது.

முதலில் பெரும்பாலோர் செய்வதையே நானும் செய்தேன். தினமும் காலையில் பாகற்காய்ச் சாறு குடித்தால் நீரிழிவு குணமாகுமா என்று ஒரு முழு வாக்கியத்தை ஆங்கிலத்தில் தட்டினேன். கூகுளில் பழகிய கை. ஆனால் பப்மெட் நாம் தரும் சொற்களில் 'தி', 'ஆஃப்' போன்ற பொடிச் சொற்களைத் தள்ளிவிட்டு, மிச்சம் எல்லாமே ஒரே பதிவில் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். 'காலை' வேண்டும், 'குடித்தல்' வேண்டும், 'குணம்' வேண்டும். எந்த ஆய்வாளர் தன் சுருக்கத்தில் இத்தனையும் எழுதுவார்? அதிகம் சொன்னால் அதிகம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். இங்கே சொல்லச் சொல்லக் கிடைப்பது குறையும்.

சரி, சொற்களைக் குறைத்தால் போதுமா? அப்போதுதான் பெயர்ப் பிரச்சினை வருகிறது. தமிழிலேயே பாருங்கள். செய்தித்தாளில் நீரிழிவு, பெரியம்மா வீட்டில் இனிப்புநீர், தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பருக்குச் சுகர், சித்த வைத்தியருக்கு மதுமேகம். பாகற்காயும் அப்படித்தான். ஆங்கிலத்தில் பிட்டர் கோர்ட் என்பார்கள், பிட்டர் மெலன் என்பார்கள், பால்சம் பேர் என்றும் சொல்வார்கள். வட இந்தியர் எழுதினால் கரேலா, ஒகினாவாவில் கோயா, நம் பக்கத்து மலாய்க் கடைக்காரருக்குப் பெரியா. ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் மற்ற பெயர்களில் எழுதப்பட்டவை கண்ணில் படாமலே போய்விடும்.

இதற்காகவே அந்த நூலகம் 1960இல் 'மெஷ்' என்ற சொற்பட்டியலைக் கொண்டுவந்தது. ஒரு பொருளுக்கு ஒரே அதிகாரபூர்வப் பெயர். கட்டுரை எந்தப் பெயரில் எழுதப்பட்டிருந்தாலும் அதன்மேல் அந்த ஒரே முத்திரைதான் விழும். பாகற்காய்க்கு அது 'மொமோர்டிகா சரன்ஷியா' என்ற லத்தீன் தாவரப் பெயர். மாரடைப்புக்கு 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்'. இப்படி 30,000 சொற்களுக்கு மேல் இருக்கின்றன. அவை குடும்ப மரம்போல அடுக்கப்பட்டிருப்பதுதான் இதில் அழகு. நீரிழிவு என்ற கிளையின் கீழ் முதல் வகை, இரண்டாம் வகை, கர்ப்பகால நீரிழிவு எல்லாம் தொங்கும். தாயைக் கேட்டால் பிள்ளைகளும் சேர்ந்தே வருவார்கள். பல ஆண்டுகள் ஆட்கள் உட்கார்ந்து கட்டுரையைப் படித்து இந்த முத்திரையைக் குத்தினார்கள். 2022 முதல் கணினி நிரலே குத்துகிறது.

முத்திரையை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். பப்மெட்டில் இருக்கும் எல்லாப் பதிவுக்கும் முத்திரை கிடையாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் போடுவார்கள்: முத்திரைச் சொல் ஒன்று, அதோடு தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சாதாரணப் பெயர்கள். சந்தைக்குப் போகும்போது இரண்டு கூடை எடுத்துக்கொள்வதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடையில் பாகற்காயின் எல்லாப் பெயர்களும், நடுவில் 'ஆர்' போட்டு, அதாவது 'அல்லது' என்று. இன்னொன்றில் நீரிழிவின் எல்லாப் பெயர்களும், அதேபோல. ஒவ்வொரு கூடையையும் அடைப்புக்குறிக்குள் கட்டி, இரண்டுக்கும் நடுவே 'அண்ட்', அதாவது 'இரண்டும் வேண்டும்' என்று. இந்தச் சொற்களைப் பெரிய எழுத்தில் தட்டுவது நல்லது. அடைப்புக்குறி போடாவிட்டால் இயந்திரம் இடமிருந்து வலமாக வரிசையாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போகும், கூடைகள் கலந்துவிடும்.

'நாட்', அதாவது 'இது வேண்டாம்', என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. பாகற்காய் ஆய்வுகளில் எலிகள் ஏராளம். எரிச்சலில் "எலி வேண்டாம்" என்று நானும் ஒருமுறை போட்டேன். மனிதர்களிடம் செய்த ஆய்வு ஒன்று, 'முன்பு எலிகளிடம் பார்த்தோம்' என்று சுருக்கத்தில் ஒரு வரி சொன்ன பாவத்துக்காகக் காணாமல் போனது.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நிறைய பேர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. மேம்பட்ட தேடல் பக்கத்தில், நாம் தேடிய வரலாற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் நாம் தட்டியதை இயந்திரம் எப்படிப் புரிந்துகொண்டது என்பது முழுதாக விரியும். 'ஹார்ட் அட்டாக்' என்று இரண்டே சொல் போட்டுப் பாருங்கள். அது தானாகவே மாரடைப்பின் மெஷ் சொல்லைச் சேர்த்து, பிற சொற்களையும் கோத்து, நீளமாக ஒரு கோவை கட்டியிருக்கும். பாதி நாள் நல்லதாகவே கட்டும். மீதி நாளில் நாம் கேட்காத ஏதோ ஒரு பொருளை இழுத்துவந்து நுழைத்திருக்கும். முடிவுகளைப் படிப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுவது என் வழக்கம். இன்னொன்று: சொற்றொடரை மேற்கோள்குறிக்குள் போட்டாலோ, சொல்லின் வாலை வெட்டி நட்சத்திரக்குறி இட்டாலோ இந்த மொழிபெயர்ப்பு வேலை அந்தச் சொல்லுக்கு நின்றுவிடும். கச்சிதமாகத் தேடுகிறோம் என்று நினைத்து மேற்கோள்குறி போடுபவர்கள், இலவசமாகக் கிடைத்த உதவியாளரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

தேடல் அரைகுறையானால் என்ன பெரிய நட்டம் என்று தோன்றலாம். 2001இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஓர் ஆஸ்துமா ஆய்வு நடந்தது. ஆரோக்கியமான 24 வயதுத் தன்னார்வலர் ஒருவர் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்தார். நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்று 1950களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் முன்கூட்டியே பப்மெட்டில் தேடத்தான் செய்தார். ஆனால் அன்றைய பப்மெட் 1966க்கு முந்தியவற்றைக் காட்டவில்லை. இன்று அது 1940கள் வரை நீள்கிறது. அதற்கும் முந்தியவற்றில் பெரும்பாலானவற்றை வேறு இடங்களில்தான் தேட வேண்டும்.

ஆளின் பெயரை வைத்துத் தேடும்போது நம்மவர்களுக்கென்றே ஒரு தனித் தலைவலி இருக்கிறது. பப்மெட்டுக்குக் குடும்பப் பெயரும் அதன்பின் முதலெழுத்தும் வேண்டும். மாணிக்கத்தின் மகன் கதிரவன் என்று ஓர் ஆய்வாளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் இதழ் அவரை 'கதிரவன் எம்' என்று போடும், அடுத்த இதழ் 'மாணிக்கம் கே' என்று போடும். ஒரே ஆள், இரண்டு அட்டை. அப்பா பெயரில் யாரோ ஆராய்ச்சி செய்கிறார் என்று கணினி நினைத்துக்கொள்ளும். 2012இல் வந்த ஓர்கிட் என்ற எண், ஆய்வாளர் ஆளுக்கு ஒன்று, இதைத் தீர்க்கத்தான். அது இல்லாத பழைய கட்டுரைகளுக்கு இரண்டு விதமாகவும் தேட வேண்டியதுதான்.

பாகற்காய்க்குத் திரும்புவோம். இந்த முறை தேடலில் 'நன்மை', 'குணம்' போன்ற சொற்களை நான் சேர்க்கவில்லை. நன்மை என்று கேட்டால் நன்மை என்று எழுதியவர்கள்தான் வரிசையில் முன்னால் வந்து நிற்பார்கள். இரண்டு கூடைகளை மட்டும் வைத்துக்கொண்டு, கட்டுரை வகை வடிகட்டியில் முறைசார் மறுஆய்வை, அதாவது ஒரு கேள்விக்கு வந்த எல்லா ஆய்வுகளையும் தேடிச் சலித்து எடைபோடும் வகையை, தேர்ந்தெடுத்தேன். இப்படி எடைபோடுவதையே வேலையாகக் கொண்ட காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட ஒன்று வந்தது. இரண்டாம் வகை நீரிழிவில் பாகற்காயைச் சோதித்த 4 ஆய்வுகள், மொத்தம் 479 பேர், அதிகபட்சம் மூன்று மாதம். பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு. அதற்குப் பின் வந்த ஆய்வுகளையும் பார்த்தேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு எதுவும் என் கண்ணில் படவில்லை.

பெரியம்மாவிடம் சொன்னேன். மாத்திரையோடு சாற்றையும் அளவில்லாமல் குடித்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடவும் வாய்ப்புண்டு, பாலிகிளினிக்கில் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். "அப்போ ரெண்டு கிலோவ என்ன பண்றது?" என்றார். அந்த வாரம் எங்கள் வீட்டிலும் பாகற்காய்ப் பிட்லைதான்.

அந்தத் தேடலை என் பப்மெட் கணக்கில் சேமித்து வைத்திருக்கிறேன். புதிதாகக் கட்டுரை வந்தால் மாதம் ஒருமுறை மின்னஞ்சல் அனுப்பும். இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவே ஃபோன் போட்டுவிடுகிறார், பாகற்காய் பற்றிப் புதுசா ஏதாவது வந்துச்சா என்று.