ஏற்காட்டு மலைக்கு எந்த கேம்?

இஞ்சின் வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட்டை, சுருக்கமாகக் கேமை, மாற்ற முடிவு செய்தவர் கையில் எப்படியும் இரண்டு மூன்று விவரத் தாள்கள் சேர்ந்துவிடும். லிஃப்ட் (வால்வு உயரும் அளவு) இத்தனை மில்லிமீட்டர், ட்யூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு) இத்தனை டிகிரி என்று எல்லாவற்றிலும் போட்டிருக்கும். பெரும்பாலானவர்கள் பெரிய எண்ணைப் பார்த்ததும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் முதலில் தேடுவது வேறு எண். பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி எத்தனை டிகிரி போனபின், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு மூடுகிறது என்பதுதான் அது. சேலத்துக்காரர் இதைப் பார்க்காமல் கேம் வாங்கவே கூடாது. ஊரை விட்டு வடக்கே திரும்பினால் மலை ஏறியாக வேண்டும்.

பிஸ்டன் சுற்றிவிடும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இங்கே வரும் டிகிரி எல்லாம் கிராங்க்கின் டிகிரி. அதிலுள்ள முட்டை வடிவ மேடு, அதாவது லோப், வால்வை அழுத்தித் திறக்கிறது. ஸ்பிரிங் திரும்ப மூடுகிறது. 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 கிராங்க் சுற்று) ஒரு வால்வு விநாடிக்கு 50 தடவை திறந்து மூடும். 260 டிகிரி கேம் என்றால் ஒவ்வொரு தடவையும் வால்வு திறந்திருப்பது சுமார் 7 மில்லி விநாடி. அதே கேம் 2000 ஆர்பிஎம்மில் 21 மில்லி விநாடிக்கு மேல் திறந்து வைத்திருக்கும். டிகிரி மாறவில்லை, காற்றுக்குக் கிடைக்கும் நேரம் மூன்று மடங்காகிவிட்டது. கேம் தேர்வில் வரும் தலைவலி எல்லாம் இங்கிருந்துதான்.

பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வை ஏன் திறந்தே வைக்க வேண்டும்? காற்றுக்கும் எடை உண்டு, வேகம் பிடித்த காற்று சட்டென்று நிற்காது. பேருந்து நகர ஆரம்பித்த பிறகும் ஓடிவந்து படியில் தொற்றிக்கொள்பவர்களைப் போல, அதிக ஆர்பிஎம்மில் காற்று கடைசி நொடிவரை சிலிண்டருக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் அந்த வேகம் கிடையாது. மேலே வரும் பிஸ்டன், உள்ளே வந்த காற்றையே வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும்.

எவ்வளவு தள்ளும்? 9.5 கம்ப்ரஷன் உள்ள, அதாவது காற்றை ஒன்பதரை மடங்கு நெருக்கும், ஒரு பெட்ரோல் இஞ்சினுக்கு மூன்று கேம் போட்டுக் கணக்குப் பார்க்கலாம். சாதுவான கேம் 40 டிகிரியில் மூடுகிறது. நடுத்தரமானது 58. பெரியது 76. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளத்தைப் பொறுத்து விடை சற்று மாறும், ஆனால் முதல் கேமில் வால்வு மூடும்போது பிஸ்டன் தன் பாதையில் 8 சதவீதம்தான் ஏறியிருக்கும். இரண்டாவதில் 18 சதவீதம். மூன்றாவதில் 30 சதவீதம்! மிச்சமிருக்கும் தூரத்தில்தான் காற்று உண்மையாக அழுத்தப்படுகிறது. எனவே தாளில் 9.5 என்றிருக்கும் கம்ப்ரஷன், மெதுவாக ஓடும்போது முறையே 8.8, 8.0, 6.9 என்று இறங்குகிறது. பெரிய கேம் போட்டவர்கள் "கீழ சுத்தமா இழுக்க மாட்டேங்குதுங்கண்ணா" என்று மெக்கானிக்கிடம் வந்து நிற்பது இதனால்தான். மெக்கானிக் மேல் தப்பில்லை.

இப்போது இதை மலையில் ஏற்றுங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே காற்றழுத்தம் சேலத்தைவிட 13, 14 சதவீதம் குறைவு. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்பதால் கொஞ்சம் ஈடாகும், முழுக்க ஆகாது. ஏற்கெனவே கம்ப்ரஷனை இழந்த இஞ்சினுக்கு இது இன்னொரு அடி. சேலம் பக்கமிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் செகண்ட் கியரில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கினால், சின்னக் காரில் இஞ்சின் 2000 ஆர்பிஎம் பக்கம் கிடக்கும். அங்கிருந்துதான் இழுக்க வேண்டும். 4500-க்கு மேல் விழித்துக்கொள்ளும் கேம், விழிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கோயம்புத்தூரில் ரேஸ் நடக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஆர்பிஎம் கீழே விழாமல் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அதே கேம் பொன்னான சரக்கு.

இறங்கும்போது இன்னொரு சங்கதி. பெரிய கேமில், புகையை வெளியே விடும் எக்சாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் திறந்துவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் இந்த நேரத்துக்கு ஓவர்லாப் என்று பெயர். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இஞ்சின் சும்மா ஓடும்போது, எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பிப் புகுந்து, புதுக் கலவையோடு கலந்து, எரிப்பைக் குழப்புகிறது. நம் பையன்கள் காசு கொடுத்து வாங்கும் அந்த 'டப் டப்' சத்தம் இந்தக் குழப்பம்தான். சத்தத்தோடு போனால் பரவாயில்லை. இஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டு குழாயில் வேக்குவமும் (உறிஞ்சும் இழுப்பு) குறைகிறது, பிரேக் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் அந்த வேக்குவத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. கியரில் இறங்கும்வரை ஓரளவு சமாளிக்கும். கிளட்ச்சை மிதித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை அமுக்கினால் பெடல் கல்லாகிவிடும். ஏற்காடு இறக்கத்தில் எனக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

லிஃப்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு உயர்ந்தால், சுற்றிலும் கிடைக்கும் திறப்பு வால்வின் பரப்பளவுக்குச் சமம். 32 மில்லி வால்வுக்கு அது 8 மில்லி. அதற்கு மேல் போனால் ஆதாயம் மெல்லக் குறையும், ஸ்பிரிங்கின் பாடு ஏறிக்கொண்டே போகும்.

தாளைப் படிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ட்யூரேஷனை எந்த லிஃப்டில் அளந்தார்கள்? வால்வு அசைந்த உடனே அளந்தால் ஒரு எண், 1 மில்லி உயர்ந்த பின் அளந்தால் வேறு எண். ஒரே கேமுக்கு 30, 40 டிகிரி வித்தியாசம் வரலாம். அளவு முறை எழுதாத இரண்டு தாள்களை ஒப்பிடுவது வீண் வேலை.

கேமை முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், வால்வுகள் உள்ள மேல்பகுதியான ஹெட்டைப் பூட்டுவதற்கு முன் பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டுங்கள். அது ஒட்டிக்கொள்ளாமலிருக்க வால்வில் லேசாக எண்ணெய் தடவி, ஹெட்டை வைத்து இறுக்கி, கேமைக் கிராங்க்கோடு இணைக்கும் டைமிங் பெல்ட்டையும் மாட்டிக் கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றவும். திரும்பக் கழற்றினால் களிமண்ணில் வால்வின் தடம் பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி மிக மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி அதுதான். இன்டேக்குக்கு 2 மில்லி, எக்சாஸ்டுக்கு 2.5 மில்லியாவது வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. இல்லையென்றால் என்றாவது ஒருநாள் வால்வும் பிஸ்டனும் சந்தித்துக்கொள்ளும்.

கீழே இழுப்பு, மேலே வேகம் இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்காகத்தான் ஹோண்டா 1989-ல் விடெக் (VTEC) என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரே ஷாஃப்டில் சாது லோபும் முரட்டு லோபும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆர்பிஎம் ஏறியதும் எண்ணெய் அழுத்தம் ஒரு சிறிய பின்னைத் தள்ளி, லோபின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர்களை ஒன்றாகப் பூட்ட, வால்வு முரட்டு லோபின் பேச்சைக் கேட்கத் தொடங்கும். அந்த வசதி இல்லாத பழைய இஞ்சினில் மலைக்கும் ஊருக்கும் சேர்த்து ஓட்டப்போகிறவர் 58 டிகிரி கேமை எடுக்கட்டும். கூடவே, நகர்த்தி வைக்கக்கூடிய கேம் புல்லி (பெல்ட் கேமைச் சுற்றிவிடும் சக்கரம்) ஒன்றையும் வாங்கிக்கொண்டால், 4 டிகிரி முன்னால் தள்ளி வால்வு 54-ல் மூடும்படி செய்யலாம். தள்ளினால் களிமண் சோதனையை இன்னொரு தடவை செய்ய வேண்டும், இன்டேக் வால்வு பிஸ்டனுக்கு இன்னும் கிட்டே வந்திருக்கும்.