அமெரிக்கப் பையர் பணம் தருவாரா? அவருடைய கடைக் கணக்கு முன்கூட்டியே சொல்லும்

2022 ஜூலை 25 அன்று வால்மார்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அமெரிக்கக் கடைகளில் அந்தக் காலாண்டின் விற்பனை சுமார் 6 சதவீதம் கூடும், ஆனால் நிறுவனத்தின் மொத்தச் செயல்பாட்டு லாபம் 13 முதல் 14 சதவீதம் குறையும் என்றது. விற்பனை ஏறும்போது லாபம் ஏன் இறங்கியது என்பதைப் புரிந்துகொண்டால், திருப்பூரிலும் கரூரிலும் இருந்து அமெரிக்கக் கடைகளுக்கு, அதாவது தங்கள் பையர்களுக்கு, கடனில் சரக்கு அனுப்புகிறவர்கள் பல இழப்புகளைத் தவிர்க்கலாம்.

அப்போது அமெரிக்காவில் விலைவாசி ஓராண்டில் 9 சதவீதம் ஏறியிருந்தது. குடும்பங்களின் பணம் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் போய்விட்டது. பழைய டி-ஷர்ட்டையும் பழைய துண்டையும் இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம், சாப்பாட்டை அப்படித் தள்ளிப்போட முடியாது. மளிகையில் கடைக்கு மிஞ்சும் லாபம் குறைவு, துணியில் அதிகம். லாபம் தரும் துணி தேங்கியது, அதைத் தள்ளிவிட விலையைக் குறைக்க வேண்டியிருந்தது. செய்தித் தலைப்பில் நல்லதாகத் தெரிந்த அந்த 6 சதவீதம் ஆடை அனுப்புகிறவருக்குக் கெட்ட செய்தி.

ஆகவே ஒரு கடையின் விற்பனை வளர்ச்சியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். புதிதாகத் திறந்த கடைகளை நீக்கிவிட்டு, ஓராண்டுக்கு மேலாக இயங்கும் கடைகளின் விற்பனையை மட்டும் பாருங்கள். அதிலிருந்து விலையேற்றத்தைத் தோராயமாகக் கழியுங்கள். விற்பனை 6 சதவீதம் ஏறி, அந்தக் கடைப் பொருள்களின் விலை 9 சதவீதம் ஏறியிருந்தால், விற்ற பொருள்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட 3 சதவீதம் குறைந்திருக்கிறது. உங்கள் ஆர்டர் இந்த எண்ணிக்கையைத்தான் பின்தொடரும். வாடிக்கையாளர் வருகையையும் சராசரி பில் தொகையையும் பல நிறுவனங்கள் தனித்தனியே சொல்கின்றன. பில் தொகை ஏறி வருகை குறைந்தால், விலையேற்றம்தான் கணக்கைத் தூக்கி நிறுத்துகிறது என்று பொருள்.

பொருளாதார மந்தத்தில் எல்லாக் கடையும் ஒன்றுபோல அடிவாங்குவதில்லை. 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூன் வரை நீடித்த மந்தத்தில், இளைஞர்களுக்கான ஆடை விற்ற இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். விலையைக் குறைத்தால் பிராண்டின் மதிப்புப் போய்விடும் என்று பிடிவாதமாக இருந்தது அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச். ஏற்கெனவே இருந்த கடைகளில் அதன் விற்பனை 2008இல் 13 சதவீதமும் 2009இல் 23 சதவீதமும் சரிந்தது. அதே வயதினருக்கு, அதே மாதிரி மால்களில், மலிவாக விற்ற ஏரோபோஸ்டல் அந்த இரண்டு ஆண்டுகளிலும் வளர்ந்தது. மலிவு விலைக் கடைத் தொடரான டாலர் ஜெனரலின் விற்பனை இரண்டு ஆண்டுகளிலும் 9 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஏறியது. அதனால் மலிவுக் கடையே என்றைக்கும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தள்ளுபடிக்குப் பழகிய வாடிக்கையாளர் பிறகு முழு விலை தருவதில்லை. ஏரோபோஸ்டல் 2016 மே மாதத்தில் திவால் மனு போட்டது.

விற்பனைக்கு அடுத்தபடியாக, எங்கள் பார்வையில் அதைவிட முக்கியமாக, கையிருப்பைப் பார்க்க வேண்டும். 2022 மே 18 அன்று டார்கெட் என்ற பெரிய சில்லறை நிறுவனம் வெளியிட்ட காலாண்டுக் கணக்கில் வருவாய் 4 சதவீதம்தான் கூடியிருந்தது, கையிருப்போ 43 சதவீதம் கூடியிருந்தது. மூன்று வாரம் கழித்து, ஜூன் 7 அன்று, விலையைக் குறைத்துத் தள்ளப்போவதாகவும் ஆர்டர்களை ரத்து செய்வதாகவும் அந்த நிறுவனம் அறிவித்தது. மே மாதக் கணக்கைப் படித்திருந்த சப்ளையருக்கு நூல் வாங்குவதை நிறுத்திவைக்க அந்த மூன்று வாரம் கிடைத்தது. டார்கெட் பணம் தராமல் போகும் நிறுவனம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆர்டர் ரத்தாகும் ஆபத்து வேறு, பணம் வராத ஆபத்து வேறு. முதலாவது வலுவான கடையிலும் வரும்.

இரண்டாவது ஆபத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். அமெரிக்கப் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களின் காலாண்டு அறிக்கையான 10-கியூவும் ஆண்டறிக்கையான 10-கேவும் அங்குள்ள பங்குச்சந்தை ஒழுங்காணையத்தின் எட்கர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் மூன்று எண்களை எடுங்கள்: விற்ற சரக்கின் அடக்கவிலை, கையிருப்பு, சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பாக்கி. உதாரணமாக, 91 நாள் காலாண்டில் அடக்கவிலை 60 கோடி டாலர், கையிருப்பு 66 கோடி, பாக்கி 30 கோடி என்று வைத்துக்கொள்வோம். 66ஐ 60ஆல் வகுத்து 91ஆல் பெருக்கினால் 100. சரக்கு 100 நாள் கடையில் கிடக்கிறது. 30ஐ அதேபோல் கணக்கிட்டால் 45 நாள் வரும். சப்ளையருக்கு 45 நாளில் பணம் போகிறது. இவற்றைச் சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் கிறிஸ்துமஸுக்குச் சேர்த்த சரக்கு கணக்கைக் குழப்பிவிடும்.

பாக்கி நாள் 45இலிருந்து 60 ஆனால், கடை பணத்தை இழுத்தடிக்கிறது. இதை எல்லோரும் கவனிப்பார்கள். எண் 45இலிருந்து 25க்கு இறங்கினால், சீக்கிரம் பணம் தருகிறார்களே என்று பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். விற்பனை சரியும் காலத்தில் அது மிக மோசமான அறிகுறி. மற்ற சப்ளையர்கள் கடன் தர மறுத்துக் கையில் காசு கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் பெரும்பாலும் காரணம். 2008 இலையுதிர் காலத்தில் மின்னணுப் பொருள் கடைத் தொடரான சர்க்யூட் சிட்டிக்கு சப்ளையர்கள் கடன் நிபந்தனையை இறுக்கினார்கள். நவம்பர் 10 அன்று திவால் மனு, அடுத்த மார்ச்சுக்குள் எல்லாக் கடைகளும் மூடல். வங்கிகள் பெரும்பாலும் கையிருப்பை ஈடாக வைத்தே இத்தகைய கடைகளுக்குக் கடன் தருகின்றன. சரக்கு குறைந்தால் கடன் வரம்பும் குறையும், வரம்பு குறைந்தால் சரக்கு வாங்கப் பணம் இருக்காது. வீட்டுப் பொருள் விற்ற பெட் பாத் அண்ட் பியாண்டில் அலமாரிகள் காலியானது இந்தச் சுழலில்தான். 2022 நவம்பரில் முடிந்த காலாண்டில் அதன் கடை விற்பனை 32 சதவீதம் வீழ்ந்தது. 2023 ஜனவரி 5 அன்று, தொடர்ந்து இயங்க முடியுமா என்பதில் கணிசமான ஐயம் இருப்பதாக நிறுவனமே எழுதியது. ஏப்ரல் 23 அன்று திவால் மனு. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு மூன்றரை மாதம் இருந்தது.

பங்குச்சந்தையில் இல்லாத பையரின் கணக்கு இப்படிக் கிடைக்காது. அங்கே மின்னஞ்சல்தான் சாட்சி: 60 நாள் தவணையை 120 ஆக்கக் கேட்பது, முடிந்த சரக்கின் ஷிப்மென்ட்டைத் தள்ளிப்போடுவது, தரத்தில் குறை இல்லாமலே திடீரெனத் தள்ளுபடி கேட்பது. இரண்டு ஒன்றாக வந்தால் அடுத்த ஆர்டருக்கு எல்.சி. (பையரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம்) அல்லது முன்பணம் கேளுங்கள். பையர் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள். ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான ஈ.சி.ஜி.சி.யின் காப்பீடு இருந்தால், அந்தப் பையருக்கான வரம்பு இப்போதும் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். தவணை தாண்டிய பாக்கியைத் தெரிவிக்காமல் அதே பையருக்கு மேலும் சரக்கு அனுப்பினால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

பையர் திவால் மனு போட்டுவிட்டால் அமெரிக்கச் சட்டத்தில் உங்களுக்கு முக்கியமான எண்கள் இரண்டு. மனுவுக்கு முந்தைய 20 நாளுக்குள் கடை பெற்றுக்கொண்ட சரக்கின் மதிப்புக்கு முன்னுரிமை உண்டு. மற்றப் பாக்கி, ஈடில்லாக் கடன்காரர் வரிசையின் கடைசியில் நிற்கும். அங்கே பெரும்பாலும் சில்லறைதான் மிஞ்சும். எஃப்.ஓ.பி. முறையில் (கப்பலில் ஏற்றியதும் சரக்கின் பொறுப்பு பையருக்கு மாறும் முறை) சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறிய நாளைக் கணக்கிட வேண்டியதில்லை. பையரின் கைக்குச் சரக்கு நேரடியாகப் போய்ச் சேர்ந்த நாளே கணக்கு என்று டெலவேர், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. சில்லறை நிறுவனங்கள் பல டெலவேரில்தான் மனுப் போடுகின்றன. கடல் பயணமே ஒரு மாதத்தைத் தாண்டும் நமக்கு இது பெரிய உதவி. கப்பலில் ஏற்றியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங் மட்டும் போதாது, கிடங்கில் இறக்கிய தேதிக்கான சான்றையும் சரக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரிடம் உடனே கேட்டு வாங்குங்கள்.

மற்றொரு எண் 90. மனுவுக்கு முந்தைய 90 நாளில் பழைய பாக்கிக்காக நீங்கள் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கு வரலாம். வழக்கமான தவணையில் வழக்கமான முறையில் வந்த பணம் என்று காட்டினால் தப்பிக்கலாம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டு இன்வாய்ஸ்களும் பணம் வந்த தேதிகளும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். சரக்கு அனுப்பும் முன் வாங்கிய முன்பணத்துக்கு இந்த ஆபத்து இல்லை. உங்கள் பாக்கியைக் கேட்கும் கோரிக்கை மனுவுக்கு நீதிமன்றம் கடைசித் தேதி வைக்கும், 20 நாள் கோரிக்கைக்குத் தனித் தேதியும் இருக்கலாம். நோட்டீஸ் ஆங்கிலத்தில் தடிமனாக வரும். வந்த அன்றே பிரித்துத் தேதியைக் குறித்து, அமெரிக்க வழக்கறிஞருக்கு அனுப்பிவிடுங்கள்.