பெட்டியைத் திறந்தால் வினிகர் நெடி: ஒரு பழைய பேய்ப்படம் 4கே ஆகும் வழி

சினிமா வியாபாரத்தில் மதுரை, ராமநாதபுரம் வட்டாரத்துக்கு 'எம்.ஆர். ஏரியா' என்று பெயர். அந்த ஏரியாவின் கொட்டகைகளைச் சுற்றிவந்த பிலிம் பெட்டி ஏதாவது இன்னும் ஒரு பரணிலோ குடோனிலோ கிடந்தால், மூடியைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறும். அது அழுக்கு வாடை இல்லை, பிலிமே சிதைந்துகொண்டிருக்கிற வாடை.

1950-களுக்குப் பிந்தைய பிலிம்களில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம் செல்லுலோஸ் ட்ரை அசிடேட் என்ற பிளாஸ்டிக். சூடும் ஈரமும் பட்டால் அதிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரியும். பிரிந்த அமிலமே அடுத்த சுற்றுச் சிதைவை வேகப்படுத்தும். 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் இந்த நோய் தொடங்கவே 40 முதல் 50 ஆண்டு ஆகும். வெப்பம் சுமார் 5, 6 டிகிரி ஏறினால் அந்தக் காலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மே மாதம் 40 டிகிரியைத் தொடும் மதுரையில், தகரக் கூரைக்கு அடியில் வைத்த பெட்டிக்கு எவ்வளவு அவகாசம் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இப்போது அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போவோம். 1968-ல் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டம், ஜார்ஜ் ரொமேரோ இயக்கத்தில், சுமார் 1,14,000 டாலரில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தது. செலவு குறைவு என்பதால் கறுப்பு வெள்ளை. ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். இன்று உலகம் முழுக்கத் திரையில் நடமாடும் ஜோம்பிகளுக்கெல்லாம், அதாவது எழுந்து நடக்கும் பிணங்களுக்கெல்லாம், பாட்டன் இந்தப் படம். வேடிக்கை என்னவென்றால் படத்தில் யாரும் 'ஜோம்பி' என்ற சொல்லைச் சொல்வதில்லை.

படத்தின் முதல் தலைப்பு வேறு. விநியோகஸ்தர் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்பு வரும் சட்டத்தில் (ஃபிரேமில்) இருந்த காப்புரிமை வாசகம் புதிய தலைப்புச் சட்டத்தில் விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி அந்த வாசகம் இல்லையென்றால் உரிமையும் இல்லை. படம் பொதுச்சொத்தானது. பிரிண்ட் கிடைத்தவர்கள் எல்லாம் டிவிக்கும் வீடியோ கேசட்டுக்கும் விற்றார்கள். அதனால்தான் படம் பட்டிதொட்டியெல்லாம் பரவியது, அதனால்தான் பல பத்தாண்டுகள் கேவலமான பிரதியிலேயே பார்க்கவும் நேர்ந்தது.

ஏன் கேவலம்? ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸையே திரும்பத் திரும்ப ஜெராக்ஸ் எடுத்தால் நாலாவது தாளில் முகம் கறுப்புத் திட்டாகிவிடும். பிலிமிலும் அதே கதைதான். கேமராவுக்குள் ஓடியது ஒரிஜினல் நெகட்டிவ். அதிலிருந்து நகல் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட், அதைச் சுருக்கி 16 எம்.எம்., அதிலிருந்து கேசட். ஒவ்வொரு படியிலும் புதுப் பிலிமின் மணல்துகள் (படத்தில் மணல்போலத் தெரியும் 'கிரெயின்') பழையதோடு சேரும், இருட்டு இன்னும் இருட்டாகும், வெள்ளை வெளுத்துப்போகும். 16 எம்.எம். சட்டத்தின் பரப்பு 35 எம்.எம்.-ல் கால்வாசிகூட இல்லை. நிலவறையும் நள்ளிரவுமாக ஓடும் ஒரு படத்துக்கு இது சாவு அடி.

ஆக, மீட்டெடுப்பு என்றால் மென்பொருள் மந்திரம் என்று நினைப்பது தவறு. எத்தனை படி பின்னால் போக முடிகிறது என்பதுதான் முக்கால்வாசி வேலை. இந்தப் படத்தின் அதிர்ஷ்டம், ஒரிஜினல் நெகட்டிவ் பிழைத்திருந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் பழைய படங்களைக் காக்கும் தி ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து அதிலிருந்து 4கே (அகலத்தில் சுமார் 4,000 புள்ளி கொண்ட) பிரதி செய்து 2016-ல் திரையிட்டன. கிரைடீரியன் நிறுவனம் 2018-ல் ப்ளூரேவும் 2022-ல் 4கே வட்டும் கொண்டுவந்தது.

96 நிமிடப் படம் என்றால் 35 எம்.எம்.-ல் 8,640 அடி, 1,38,240 சட்டங்கள். 4096-க்கு 3112 புள்ளியில் ஸ்கேன் செய்தால் ஒரு சட்டமே 51 மெகாபைட் வரும். மொத்தம் 7 டெராபைட். பழைய பிலிம் சுருங்கியிருக்கும் என்பதால் பல்சக்கரத்தில் மாட்டி இழுத்தால் பிலிம் ஓரத்துத் துளை கிழியும். நல்ல ஸ்கேனர்கள் பல்லில்லாத உருளைகளில் பிலிமை நகர்த்தி, துளை எங்கே இருக்கிறது என்பதைக் கேமராவால் பார்த்துச் சட்டத்தை நிலைநிறுத்தும்.

கீறலுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. சொரசொரப்பான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் அந்த இடம் மட்டும் தெளிவாகும், கவனித்திருப்பீர்கள். பிலிமின் முதுகுப் பக்கக் கீறலும் அப்படித்தான். ட்ரை கிளீனிங்கில் பயன்படும் பெர்க்ளோரோஎத்திலீன் திரவத்தில் நனைத்தபடியே ஸ்கேன் செய்வார்கள். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.50, பிலிமுடையது சுமார் 1.48. ஒளி வளையாமல் நேராகப் போவதால் கீறல் மறைந்துவிடும். படம் பதிந்த படலம் இருக்கும் பக்கத்தில் விழுந்த ஆழமான கீறலுக்கு இது உதவாது, அங்கே படமே சுரண்டப்பட்டுவிட்டது. திரவம் நச்சு, வீட்டில் முயல வேண்டாம்.

தூசிக்கு வருவோம். கலர் நெகட்டிவில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் சாயம் அதை விட்டுவிடும், தூசி மட்டும் மறைக்கும். தூசியின் வரைபடம் தானாகக் கிடைத்துவிடும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அது அகச்சிவப்பையும் மறைத்துவிடும். ஆகவே பக்கத்துச் சட்டங்களோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு சட்டத்தில் மட்டும் தோன்றும் புள்ளியைத் தூசி என்று மென்பொருள் முடிவுகட்டும். ஆபத்து இங்கேதான். தீப்பொறியும் ஒரே சட்டத்தில்தான் தோன்றும். நாயகன் தீப்பந்தத்தை ஆட்டிப் பிணங்களை விரட்டும் இந்தப் படத்தில் மென்பொருளை அதன் போக்கில் விட்டால் தூசியோடு பொறிகளையும் கூட்டித் தள்ளிவிடும். மனிதக் கண் உட்கார்ந்து சட்டம் சட்டமாகப் பார்த்தே ஆக வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் பிரிண்டைத் திரையிட்டு நீங்களே ஒன்றைச் சோதிக்கலாம். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், பெரும்பாலும் நெகட்டிவில் ஒட்டியிருந்த தூசி பிரதி எடுத்தபோது பதிந்தது. துடைத்தால் போகாது. கறுப்புப் புள்ளி என்றால் அந்தப் பிரிண்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் அழுக்கு.

மணல்துகளைச் 'சுத்தம்' செய்வது எங்களுக்குப் பிடிக்காத வேலை. அந்தத் துகள்தான் படம், அதைத் தேய்த்தால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். இதே துகள்தான் வட்டில் ஏற்றும்போதும் தலைவலி. ஒவ்வொரு சட்டத்திலும் இடம் மாறுவதால் அதைச் சுருக்குவது கடினம். வினாடிக்கு 30 மெகாபிட் கொடுத்தால் 96 நிமிடத்துக்குச் சுமார் 21.6 ஜிபி, ப்ளூரேயில் தாராளமாக அடங்கும். 5 மெகாபிட்டில் இணையத்தில் பார்த்தால் 3.6 ஜிபிதான், நிலவறை இருட்டு கட்டம் கட்டமாக உடையும். அமெரிக்க வட்டு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ப்ளூரே வட்டுகளை உலகின் மண்டலவாரியாகப் பூட்டி விற்பதுண்டு. அந்த ப்ளூரே மண்டலம் 'ஏ', இந்தியா 'சி'. இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. 4கே வட்டுக்கு மண்டலப் பூட்டு இல்லை.

இனி பரணில் இருக்கும் பெட்டி. முதலில் பிலிம் ஓரத்தில் 'சேஃப்டி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தும் இல்லை, படமும் 1950-களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால் அது எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். பற்றினால் தண்ணீருக்கும் அணையாது. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலையாமல், ஆவணக் காப்பகத்தாரைக் கேட்டுவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

அசிடேட் என்றால், ஓரத்துத் துளைகளில் 100 துளை நீளத்தை ஸ்கேலில் அளந்து பாருங்கள். புதுப் பிரிண்டில் 475 மில்லிமீட்டர் இருக்கும். 470-ஐ ஒட்டி வந்தால் ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது என்று அர்த்தம், அதைப் புரொஜக்டரில் மாட்டவே கூடாது. அமிலத்தை அளக்கத் தாள் பட்டைகள் கிடைக்கின்றன. டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்தால் நீலம் நீலமாகவே இருக்கும், அல்லது பச்சையாகும், முற்றியதென்றால் மஞ்சளாகும். பச்சைக்குப் போன ரீலை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், அதன் ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும்.

தண்ணீர், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதுவும் படக்கூடாது. துருப்பிடித்த தகர டப்பாவை பாலிப்ரொப்பிலீன் டப்பாவாக மாற்றுங்கள், காற்றுப் போக வழி இருக்கட்டும். மொட்டை மாடிக்கு அடுத்த அறை வேண்டாம், கீழ்த்தளத்தில் மேற்கு வெயில் படாத அறை போதும். ரீலை நிறுத்தி வைத்தால் தன் எடையிலேயே நெளியும். படுக்கவைத்து அடுக்குங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு டப்பாவுக்கு மேல் போகாமல்.